துபாஷி முதல் வழக்கறிஞர் வரை: பிரெஞ்சு கற்ற தமிழர்



தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறி வருகிறவர்கள் முதலில் காணும் சிற்றூர் ரிங்லெட். அதைச் சூழ்ந்துள்ள தேயிலைத் தோட்டங்களின் பிள்ளைகளுக்கு நான் ஆசிரியராக இருக்கிறேன். பச்சைக் கம்பளம் விரித்தாற்போன்ற சரிவுகளைப் பார்க்க உலகின் பல மூலைகளிலிருந்தும் பயணிகள் வருகிறார்கள். சென்ற பள்ளி விடுமுறையின்போது அப்படி வந்த ஒரு குடும்பம் எங்கள் மாணவி ஒருத்தியிடம் வழி கேட்டது. அவள் மலாயில் பதில் சொன்னாள், புரியவில்லை. ஆங்கிலத்தில் சொன்னாள், அரைகுறையாகப் புரிந்தது. அவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். பள்ளி திறந்ததும் அவள் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள்: "ஐயா, பிரெஞ்சு படித்தால் வேலை கிடைக்குமா? நம் ஆட்கள் யாராவது அதைப் படித்திருக்கிறார்களா?"

முதல் கேள்விக்கு உடனே விடை சொல்லிவிடலாம். இரண்டாவது கேள்விதான் என்னைப் பல நாட்கள் நூல்களைப் புரட்ட வைத்தது. தமிழர் பிரெஞ்சு மொழியோடு பழகியது நேற்று இன்று தொடங்கியதன்று. முந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட உறவு அது. அந்த உறவில் செல்வமும் புகழும் உண்டு. சிறையும் சவுக்கடியும் கண்ணீரும் உண்டு. பிழைப்புக்காக ஒரு மொழியைக் கற்பது பற்றி அந்த வரலாறு நமக்கு என்ன சொல்கிறது என்பதையே இன்று பார்க்க இருக்கிறோம்.

பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கும்பினி 1664ஆம் ஆண்டில் தோன்றியது. பத்து ஆண்டுகள் கழித்து, 1674இல், பிரான்சுவா மர்த்தேன் என்பவர் புதுச்சேரிக்கு வந்து அங்கே ஒரு வணிகத் தலத்தை அமைத்தார். அவர்கள் தேடி வந்த பொருள் துணி. சோழமண்டலக் கரையின் நெசவாளர்கள் நெய்த நீலத் துணிக்கும் மெல்லிய ஆடைக்கும் ஐரோப்பாவில் பெரும் கிராக்கி இருந்தது. ஆனால் நெசவாளர் பேசுவது தமிழ், தெலுங்கு. வாங்க வந்தவர் பேசுவது பிரெஞ்சு. நடுவே ஒருவர் வேண்டும். எந்த ஊரில் எந்த நூல் கிடைக்கும், யாருக்கு எவ்வளவு முன்பணம் தரலாம், எந்த நவாபின் அதிகாரிக்கு எப்படிக் கடிதம் எழுத வேண்டும் என்று அறிந்தவராக அவர் இருக்க வேண்டும். அவருக்குத் துபாஷி என்று பெயர். இரண்டு மொழி அறிந்தவர் என்பதே அதன் பொருள்.

இங்கே ஒரு வியப்பான செய்தி உண்டு. தொடக்க காலத் துபாஷிகள் பலருக்குப் பிரெஞ்சு தெரியாது! பிரெஞ்சுக்காரருக்கும் தமிழ் தெரியாது. அப்படியானால் எப்படிப் பேசிக்கொண்டார்கள்? மூன்றாவதாக ஒரு மொழியில், அதாவது போர்த்துகீசியத்தில் பேசிக்கொண்டார்கள். வாஸ்கோ ட காமா 1498இல் கோழிக்கோட்டில் இறங்கிய நாளிலிருந்து, இந்தியக் கரையோரத் துறைமுகங்களில் வணிகப் பொதுமொழியாக அது பரவியிருந்தது. நாம் வீட்டில் அன்றாடம் சொல்கிற சாவி, சன்னல், அலமாரி, மேசை, ஏலம் என்ற சொற்கள் எல்லாம் அந்த மொழி விட்டுச் சென்றவை. இருவருக்கும் தாய்மொழியல்லாத ஒன்றை இருவரும் ஓரளவு கற்றுக்கொண்டு வியாபாரத்தை நடத்தினர். சந்தையில் அது போதுமானதாக இருந்தது. ஆனால் நீதிமன்றத்தில் போதவில்லை. அதை உணர்த்துகிற துயரக் கதைதான் நைனியப்ப பிள்ளையின் கதை.

நைனியப்ப பிள்ளை சென்னையிலிருந்து புதுச்சேரிக்கு வந்து குடியேறிய வணிகர். 1708ஆம் ஆண்டில் பிரெஞ்சுக் கும்பினியின் தலைமைத் தரகராக உயர்ந்தார். நகரத்தில் அவருக்கிருந்த செல்வாக்கு பெரிது. ஏழைகளுக்குத் தான தருமம் செய்தார். வணிகத்தில் பெரும்பொருள் சேர்த்தார். அதே அளவுக்குப் பகையையும் சேர்த்துக்கொண்டார். கிறித்தவரல்லாத ஒருவர் இவ்வளவு உயர்ந்த பதவியில் இருக்கலாகாது என்பது சேசு சபைக் குருமாரின் எண்ணம். முன்பு ஒருமுறை ஆளுநராக இருந்து, மீண்டும் அதிகாரத்தோடு திரும்பி வந்த எபேர் என்பவரும் அவருக்கு எதிராக நின்றார். 1716ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் நைனியப்ப பிள்ளை கைது செய்யப்பட்டுக் கோட்டைக்குள் அடைக்கப்பட்டார். கலகம் மூட்டினார், அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தினார் என்பவை குற்றச்சாட்டுகள்.

விசாரணை எந்த மொழியில் நடந்தது என்பதுதான் நம் கவனத்துக்கு உரியது. அவருக்குப் போர்த்துகீசியம் நன்றாகத் தெரியும். பிரெஞ்சு தெரியாது. வழக்குக் காகிதங்களோ பிரெஞ்சில் எழுதப்பட்டன. சாட்சிகள் தமிழில் சொன்னவற்றை மொழிபெயர்க்கச் சேசு சபையின் உபதேசியார் ஒருவரின் மகன் அமர்த்தப்பட்டார். அவர் பிரான்சில் தங்கியிருந்து பிரெஞ்சு கற்றவர். குற்றம் சாட்டிய பக்கத்தைச் சேர்ந்தவரே மொழிபெயர்ப்பாளராகவும் இருந்தால் விளைவு எப்படி இருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. தாங்கள் சொன்னது ஒன்று, காகிதத்தில் இருப்பது ஒன்று என்று அறியாமலே சாட்சிகள் கையொப்பமிட்டார்கள் என்ற முறையீடு பின்னர் எழுந்தது. நைனியப்ப பிள்ளைக்காக வாதாட எவரும் இல்லை.

1716 ஜூன் மாதத்தில் தீர்ப்பு வந்தது. கடைத்தெருவில் எல்லாரும் காண ஐம்பது சவுக்கடி, மூன்று ஆண்டுச் சிறை, 8,888 வராகன் அபராதம். அவருடைய பிள்ளைகளுக்கு ஊரை விட்டு வெளியேற்றம். நகரத்துக்கே தருமம் செய்த மனிதர் அதே நகரத்தின் கடைவீதியில் அடிபட்டார். அடுத்த ஆண்டு, 1717இல், சிறையிலேயே உயிர்விட்டார்.

கதை அத்தோடு முடியவில்லை. அவருடைய மகன் குருவப்ப பிள்ளை கப்பலேறிப் பிரான்சுக்கே போனார். தகப்பனைத் தண்டித்த நாட்டின் தலைநகரில் நின்று, தகப்பனின் பெயரை மீட்க முயன்றார். அங்கே அவர் கிறித்தவராகித் திருமுழுக்குப் பெற்றார். அரசப் பிரதிநிதியாக இருந்த ஓர்லேயான் கோமகன் அவருக்கு ஞானத் தந்தையானார். புனித மிக்கேல் வரிசையில் செவாலியே என்ற பட்டமும் கிடைத்தது. நைனியப்ப பிள்ளை மீதான தீர்ப்பு பிரான்சில் தள்ளுபடி செய்யப்பட்டது. குருவப்ப பிள்ளை புதுச்சேரிக்குத் திரும்பித் தம் தந்தை வகித்த பதவியிலேயே அமர்ந்தார். ஆனால் நெடுநாள் அதை ஆளக் கொடுத்துவைக்கவில்லை, 1724இல் காலமானார்.

புரியாத மொழியில் எழுதிய காகிதத்தால் தந்தை அழிந்தார். அந்த மொழி வழங்கிய நாட்டுக்கே போய் நின்றதால் மகன் நீதி பெற்றார். மொழி ஒன்றேதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. மதப் பூசலும் வணிகப் போட்டியும் அதிகார வெறியும் அதில் கலந்திருந்தன. ஆயினும் தம் வழக்கைத் தாமே படித்தறிய முடியாத மனிதர், பிறர் நாவையே நம்பி நிற்க வேண்டியவராகிறார். அந்த நா பகைவனுடையதாக இருந்துவிட்டால் அவர் கதி என்ன?

இந்த நைனியப்ப பிள்ளையின் மருமகன் முறையானவர்தான் ஆனந்தரங்கப் பிள்ளை. 1709ஆம் ஆண்டு மார்ச் 30ஆம் நாள் சென்னையை அடுத்த பெரம்பூரில் பிறந்தார். அவர் தந்தை திருவேங்கடம் பிள்ளையும் கும்பினி வணிகத்தில் ஈடுபட்டவர். 1726இல் தந்தை இறந்தபோது இவருக்கு வயது பதினேழு. ஆளுநர் லெனுவார் இந்த இளைஞரின் திறமையை மதித்துப் பரங்கிப்பேட்டைப் பண்டகசாலையின் பொறுப்பைக் கொடுத்தார். ஆர்க்காட்டிலும் லாலாப்பேட்டையிலும் வணிக நிலையங்களை அமைத்து, ஐரோப்பியச் சரக்கை விற்றும் உள்நாட்டுச் சரக்கை வாங்கியும் இவர் வளர்ந்தார். ஆனந்தப் புரவி என்ற கப்பலும் இவருக்குச் சொந்தமாக இருந்தது.

1736 செப்டம்பர் 6ஆம் நாள் முதல் இவர் நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார். ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் எழுதினார். எந்தக் கப்பல் வந்தது, எந்தச் சரக்கு என்ன விலை, ஆளுநர் இன்று என்ன சொன்னார், யார் யாருக்கு என்ன வெகுமதி என்று நடந்ததை நடந்தபடி எழுதிவைத்தார். பேச்சுத் தமிழை ஒட்டிய நடை அது. பிரெஞ்சுக்காரர் பெயருக்கு முன்னால் 'முசே' என்று எழுதுகிறார். பிரெஞ்சின் 'முசியே' என்ற மரியாதைச் சொல்லை அவர் காது அப்படி வாங்கியிருக்கிறது. வேற்றுமொழிச் சொற்களைத் தமிழெழுத்தில் பிடித்துவைத்த அந்தப் பக்கங்கள், இருமொழிச் சந்தை எப்படி ஒலித்தது என்பதை இன்றும் நமக்குக் கேட்கச் செய்கின்றன. 1846இல் கலுவா மோம்பிரேன் என்ற பிரெஞ்சுக்காரர் இந்தக் குறிப்பேடுகளைக் கண்டெடுத்துப் படியெடுத்திராவிட்டால் இந்தச் செல்வம் மறைந்தே போயிருக்கும். பிறகு 1904 முதல் 1928 வரை சென்னை அரசு இதைப் பன்னிரண்டு தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளியிட்டது.

1742இல் ஆளுநராக வந்த டூப்ளேயின் காலத்தில் ஆனந்தரங்கப் பிள்ளையின் கொடி உயரப் பறந்தது. அப்போது தலைமைத் துபாஷியாக இருந்தவர் கனகராய முதலியார் என்ற கிறித்தவர். 1746இல் அவர் இறந்த பின்னர், பலத்த போட்டிக்கிடையே அந்தப் பதவி ஆனந்தரங்கப் பிள்ளைக்கு வந்தது. நவாபுகளுக்குச் செல்லும் கடிதம், வருகிற கடிதம், வணிக ஒப்பந்தம், நகரத்து வழக்கு எல்லாம் இவர் கைவழியாகவே சென்றன.

ஆனால் இவருக்கும் ஒரு தலைவலி இருந்தது. அது டூப்ளேயின் மனைவி ழான் அம்மையார். அவர் புதுச்சேரியிலேயே பிறந்து வளர்ந்தவர், தமிழ் அறிந்தவர். ஆளுநரின் வீட்டுக்குள்ளேயே தமிழ் தெரிந்த ஒருவர் இருந்தால் துபாஷிக்கு என்ன தனி மதிப்பு? அம்மையார் நேரடியாகவே ஊர்க்காரர்களோடு பேசினார், செய்தி சேகரித்தார், காரியங்களில் தலையிட்டார். அதைக் குறித்து ஆனந்தரங்கப் பிள்ளை கொண்ட மனக்கசப்பு நாட்குறிப்பில் பல இடங்களில் தெரிகிறது.

வணிகத்துக்காக மொழி கற்க விரும்புகிறவர்கள் இதிலே கவனிக்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. மொழி மட்டுமே ஒருவனுடைய சரக்காக இருந்தால், அதே மொழியை இன்னொருவர் கற்ற அன்றே அந்தச் சரக்கின் விலை இறங்கிவிடும். ஆனந்தரங்கப் பிள்ளை நின்று பிடித்ததற்குக் காரணம், மொழியோடு துணி வணிகம் தெரியும், கணக்குத் தெரியும், நவாபுகளின் அரசியல் தெரியும் என்பதே. மொழி ஒரு வாசல். உள்ளே போவதற்குக் கையில் ஒரு தொழில் வேண்டும். டூப்ளே 1754இல் நாடு திரும்பிய பின் இவருடைய செல்வாக்கும் தேய்ந்தது. 1761 ஜனவரி 12ஆம் நாள் இவர் மறைந்தார். நான்கே நாட்களில், ஜனவரி 16ஆம் நாள், புதுச்சேரி ஆங்கிலேயர் கையில் விழுந்தது.

நேயர்களே, பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கு வருவோம். ஆங்கிலேயரிடமிருந்து மீண்டும் பிரெஞ்சுக்காரர் வசம் வந்த புதுச்சேரி, முன்னைப்போல் பெரிய அரசியல் ஆட்டக்களமாக இருக்கவில்லை. ஆனால் அங்கே பள்ளிகள் வளர்ந்தன. 1826இல் அரசக் கல்லூரி தொடங்கப்பட்டது. 1838இல் சட்டக் கல்வி தொடங்கியது. 1877இல் கலவை சுப்பராயச் செட்டியாரின் கொடையால் ஒரு பள்ளி எழுந்தது. அவர் பெயரால் கல்வே கல்லூரி என்று அது வழங்கலாயிற்று. சந்தையில் காதால் கேட்டுக் கற்ற மொழியை இப்போது பலகையில் உட்கார்ந்து இலக்கணத்தோடு கற்றார்கள். துபாஷியின் இடத்தில் எழுத்தர், ஆசிரியர், மருத்துவர், வழக்கறிஞர் என்ற புதிய வகுப்பினர் தோன்றினர்.

அவர்களுள் ஒருவர் பொன்னுத்தம்பி பிள்ளை. பிரெஞ்சுச் சட்டம் பயின்ற வழக்கறிஞர். 1873ஆம் ஆண்டில் அவர் ஐரோப்பிய முறையில் காலணி அணிந்து நீதிமன்றத்துக்குள் நுழைந்தார். இந்தியர் செருப்பைக் கழற்றிவிட்டே உள்ளே வர வேண்டும் என்பது அங்கே வழக்கம். நீதிபதி அவரைக் கண்டித்துத் தண்டித்தார். அவர் பணியவில்லை. பாரிசிலுள்ள மிக உயர்ந்த முறையீட்டு மன்றம்வரை வழக்கைக் கொண்டு சென்றார். வென்றார்.

ஒரு சோடிக் காலணிக்கு இவ்வளவு பாடா என்று கேட்கலாம். காலணி அங்கே ஒரு சாக்கு. 'உங்கள் மொழியைக் கற்றேன், உங்கள் சட்டத்தைக் கற்றேன், அந்தச் சட்டம் எல்லாரும் சமம் என்கிறது. அப்படியானால் நான் ஏன் வெறுங்காலுடன் நிற்க வேண்டும்?' என்பதே அந்த வழக்கின் உட்பொருள். நைனியப்ப பிள்ளையின் வழக்கையும் இதையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ நூற்றறுபது ஆண்டுகள். முன்னவர் தமக்கு எதிரான காகிதத்தைப் படிக்க முடியாமல் அடிபட்டார். பின்னவர் அதே மொழியில் தாமே வாதாடத் தெரிந்தவராய் நின்றார்.

பின்னர் 1881 செப்டம்பர் 21ஆம் நாள் ஓர் ஆணை வந்தது. பிரெஞ்சிந்தியாவின் மக்கள் தங்கள் சாதி, மத வழக்கச் சட்டங்களைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்கலாம் என்றது அது. அவ்வாறு துறந்தவர்கள் புதிய குடும்பப் பெயர் சூட்டிக்கொண்டனர். பொன்னுத்தம்பி பிள்ளையே முன்னின்று லாப்போர்த் என்ற பெயரை ஏற்றார். 'வாசல்' என்பது அந்தப் பிரெஞ்சுச் சொல்லின் பொருள்.

அந்த வாசல் வழியே பலர் கடல் கடந்தார்கள். பிரான்சு 1859இல் சைகோனைப் பிடித்து, 1862இல் கொச்சின்சீனாவில் தன் ஆட்சியை நிலைநாட்டியது. அந்த ஆட்சிக்குப் பிரெஞ்சு தெரிந்த ஆட்கள் தேவைப்பட்டார்கள். புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் தமிழர்கள் எழுத்தர்களாக, காவலர்களாக, சிறைக் காவலர்களாக, வரி அலுவலர்களாக, கலங்கரை விளக்கக் காவலர்களாகச் சென்றார்கள். சைகோனின் மாரியம்மன் கோயில் அங்கே வாழ்ந்த தமிழர்களை இன்றும் நினைவூட்டுகிறது. ஆங்கிலம் கற்ற யாழ்ப்பாணத்தவர் மலாயாவின் இரயில்வேக்கும் தோட்ட அலுவலகத்துக்கும் வந்த அதே காலத்தில், பிரெஞ்சு கற்ற புதுச்சேரியார் சைகோன் அலுவலகங்களில் அமர்ந்தார்கள். பள்ளிக்கூடத்துப் பலகைதான் யார் எந்தத் துறைமுகத்தில் இறங்குவது என்று முடிவு செய்தது.

இதன் மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. அந்த உத்தியோகங்கள் குடியேற்ற ஆட்சியின் உத்தியோகங்கள். வியட்நாமிய மக்களின் கண்ணுக்கு அந்தத் தமிழ்க் காவலர் அந்நிய அதிகாரத்தின் கையாகவே தெரிந்தார். ஐரோப்பியரோ சம்பளத்திலும் சலுகையிலும் தம்மோடு அவரைச் சமமாக வைக்கத் தயங்கினர். இரண்டு பக்கத்துக்கும் நடுவில் நிற்பவனுக்கு இரண்டு பக்கத்து வெயிலும் உறைக்கும். இந்தோசீனாவில் பிரெஞ்சு ஆட்சி 1954இல் முடிந்தபோது, அவர்களுள் பலர் வாழ்ந்த ஊரை விட்டுப் பெயர வேண்டியதாயிற்று.

அதே 1954ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் புதுச்சேரியின் நிருவாகம் இந்தியாவிடம் வந்தது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்டு 16ஆம் நாள் நிறைவேறியது. மக்களின் பிரதிநிதிகள் வேறு முடிவு எடுக்கும்வரை பிரெஞ்சு ஆட்சிமொழியாக நீடிக்கும் என்று அந்த ஒப்பந்தமே கூறியது. ஆட்சி போனாலும் மொழி உடனே போய்விடவில்லை. புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளியும், 1955இல் நிறுவப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனமும், பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற தமிழ்க் குடும்பங்களும் இன்றும் உள்ளன.

நம் மலேசியாவுக்கு இதில் பங்கே இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். உண்டு. ஆனால் இங்கே கதை தலைகீழாக நடந்தது. ஆன்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சு இளைஞர் 1905இல் மலாயாவுக்கு வந்து சிலாங்கூரில் ரப்பர் தோட்டம் போட்டார். 1911இல் சுமத்ராவிலிருந்து செம்பனை விதைகளைக் கொணர்ந்து ரந்தாவ் பாஞ்சாங்கில் நட்டார். 1917இல் தென்னமரம் தோட்டத்தில் செம்பனை வணிக முறையில் பயிரிடப்பட்டது. இந்நாட்டின் செம்பனைத் தொழிலுக்கு அதுவே தொடக்கம். தமிழரையும் மலாய்க்காரரையும் வைத்து வேலை வாங்க வந்த அவர், தமிழும் மலாயும் கற்றார். பின்னர் மலாயா வாழ்வைப் பற்றி அவர் எழுதிய பிரெஞ்சு நாவலுக்கு 1930இல் பிரான்சின் புகழ்பெற்ற கோன்கூர் பரிசு கிடைத்தது. நம்மவர் பிரெஞ்சு கற்று அலுவலகம் போனார்கள். பிரெஞ்சுக்காரர் தமிழ் கற்றுத் தோட்டம் போட்டார். இலாபம் வேண்டியவன் மொழியைத் தேடிப் போகிறான் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குத் துபாஷி என்பவர் அந்நியரல்லர். நம் கிராணியாரை நினைத்துப் பாருங்கள். துரைக்கும் தொழிலாளிக்கும் நடுவே அவர்தான் பாலம். துரை சொன்னதை அவர் சொன்னார். நாம் சொன்னதையும் அவரே துரையிடம் சொன்னார். சரியாகச் சொன்னாரா என்று சரிபார்க்க நம்மிடம் வழி இருக்கவில்லை.

என் தந்தை தேயிலைக் கொழுந்து மூட்டை சுமந்தவர். நான் சிறுவனாக இருந்தபோது ஒரு நாள் அவர் ஓர் அலுவலகத்தில் ஒரு தாளில் கையெழுத்திட்டுவிட்டு வந்தார். என்ன தாள் என்று அம்மா கேட்டார். "தெரியாது, போடச் சொன்னார்கள், போட்டேன்" என்றார். மூன்று மாதம் கழித்தே அது எங்களுக்கு வரவேண்டிய ஒரு தொகையை விட்டுக்கொடுக்கும் தாள் என்று தெரிந்தது. தொகை பெரிதன்று. ஆனால் அன்று இரவு என் தந்தை சாப்பிடாமல் படுத்தது எனக்கு நினைவிருக்கிறது. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இருந்தபோது நைனியப்ப பிள்ளையின் கதையை முதன்முதலில் படித்தேன். கோட்டைச் சிறையில் புரியாத காகிதத்தின் முன் நின்ற அந்தப் பெருவணிகரும், அலுவலக மேசையின் முன் நின்ற என் தந்தையும் அன்று எனக்கு ஒருவராகவே தெரிந்தார்கள்.

இனி, அந்த மாணவியின் முதல் கேள்விக்கு வருகிறேன். பிரெஞ்சு படித்தால் வேலை கிடைக்குமா? ஐக்கிய நாடுகள் அவையின் ஆறு அதிகார மொழிகளுள் பிரெஞ்சு ஒன்று. 1874இல் தோன்றிய உலக அஞ்சல் ஒன்றியத்தின் அதிகார மொழி பிரெஞ்சு. ஆப்பிரிக்காவின் பல நாடுகளிலும் கனடாவின் கியூபெக்கிலும் அது ஆட்சிமொழி. தமிழர் வாழும் மொரீசியசிலும் பிரெஞ்சு பரவலாக வழங்குகிறது. சுற்றுலா, விமானத் தொழில், உணவக மேலாண்மை, மொழிபெயர்ப்பு, பன்னாட்டு வணிகம் ஆகிய துறைகளில் அதற்கு இடமுண்டு. நம் நாட்டிலும் கோலாலம்பூரிலும் பினாங்கிலும் அலியான்ஸ் பிரான்சேஸ் நிலையங்கள் வகுப்பு நடத்துகின்றன. சில இடைநிலைப் பள்ளிகளில் அது கூடுதல் மொழியாகக் கற்பிக்கப்படுகிறது.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு இம்மொழியைக் கற்பதில் ஒரு வசதியும் உண்டு. 'பேசுகிறேன், பேசுகிறாய், பேசுகிறோம்' என்று ஆளுக்கேற்ப வினை மாறுவது நமக்குப் புதிதன்று. பிரெஞ்சிலும் அப்படி மாறும். நம்மிடம் 'நீ, நீங்கள்' உள்ளதுபோல் அவர்களிடம் 'தூ, வூ' உண்டு. முன்பின் அறியாத வாடிக்கையாளரை 'தூ' என்று அழைத்தால், பெரியவரை 'நீ' என்றது போலாகும். இந்த மரியாதை நுட்பம் ஆங்கிலம் மட்டும் அறிந்தவருக்கு எளிதில் விளங்காது. நமக்கு வீட்டிலேயே பாடம் ஆகியிருக்கிறது. கடினமும் உண்டு. நமக்கு மேசையும் நாற்காலியும் அஃறிணை. அவர்களுக்கோ மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால். ஒவ்வொரு பெயரையும் அதன் பாலோடு சேர்த்தே மனத்தில் பதிக்க வேண்டும்.

வணிகத்தில் சிறு பிழையும் பெருநட்டம் ஆகும். நாம் ஆயிரத்து ஐந்நூறை 1,500 என்று காற்புள்ளியிட்டு எழுதுகிறோம். பிரெஞ்சு வழக்கில் காற்புள்ளி என்பது தசமக் குறி. அவர்கள் கணக்கில் அது ஒன்றரை! அதேபோல் 'தெமாந்தே' என்ற பிரெஞ்சு வினைக்குக் 'கேட்டல்' என்றே பொருள். ஆங்கிலத்தில் அதைப்போல் ஒலிக்கும் சொல்லுக்கு அதட்டிக் கேட்டல் என்று பொருள். பணிவாக வந்த கடிதத்தை மிரட்டலாக மொழிபெயர்த்துவிட்டால் நட்பு பகையாகும். எண்பதை அவர்கள் 'நான்கு இருபது' என்பார்கள். எழுபதை 'அறுபது பத்து' என்பார்கள். விலை பேசும்போது காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும்.

ஆனால் மாணவமணிகளே, அவசரப்பட வேண்டாம். முதலில் வீட்டு மொழியாகிய தமிழில் பிழையின்றி எழுதப் பழகுங்கள். நாட்டின் மொழியாகிய மலாயைச் சட்டக் காகிதம் படித்தறியும் அளவுக்குக் கற்றுக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தை உறுதிப்படுத்துங்கள். அதன் பின் பிரெஞ்சோ வேறொன்றோ கற்கும்போது, அதனோடு கணக்கியலோ சமையற்கலையோ பொறியியலோ ஒரு தொழிலையும் சேர்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். வெறும் நாக்கு மட்டும் உள்ளவனுக்கு என்ன நேரும் என்பதை ஆனந்தரங்கப் பிள்ளையின் காலமே காட்டிவிட்டது.

இவ்வளவையும் அந்த மாணவிக்குச் சுருக்கமாகச் சொன்னேன். சற்று யோசித்துவிட்டு, "அப்படியென்றால் ஐயா, வேலைக்காக மட்டும் இல்லை, நாம் எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்று தெரிவதற்காகவும்தான் மொழி படிக்க வேண்டும், இல்லையா?" என்றாள். பதினோரு வயதுப் பிள்ளை. நான் இவ்வளவு நேரம் பேசியதை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டாள்.

அவளுடைய பாட்டனார் காலத்தில் யாராவது இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் எங்கள் லயத்தில் எத்தனையோ இரவுகள் வேறு விதமாக இருந்திருக்கும். இன்று கேட்கிறார்கள். கேட்கிற பிள்ளைக்கு வழி காட்டுவது நம் கடமை.